ஈசானி மூலையில் எர்த் குழி

கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்கப் போகிறேன் என்றதும் நைனா கேட்ட முதல் கேள்வி, "அதுல கரண்டு வருமா?" என்பதுதான். சிங்கவரத்தில் அடுத்தவர் நிலத்து மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டுகிறவர் அவர். மோட்டார் கொட்டகை சுவிட்சை இன்றுவரை கையால் தொட்டதில்லை. காய்ந்த குச்சியால் தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிகிரியும் வாங்கியிருந்தேன், வேலைதான் இல்லை.

"படிச்சவன் நீ, உனக்குத் தெரியும். ஆனா கைய பாத்து வெய்" என்றார்.

செஞ்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் பயிற்சி மையம். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் மருமகளும் இருந்தார்கள். மகனுக்குப் பெங்களூரில் வேலை. மருமகள் முழுகாமல் இருந்தாள். முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். கதவைக்கூட மெல்லத்தான் சாத்துவார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் எங்களைவிடச் சில வயதே மூத்தவர். முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறப்போம் என்று ஸ்குரூ டிரைவரோடு போய் உட்கார்ந்தவர்களை எழுப்பிக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். மூலையில் சிமெண்டு மூடி போட்ட சின்னக் குழி. மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கிய தடித்த செம்புக் கம்பி ஒன்று அதற்குள் போயிற்று.

"எர்த் குழி. அடியில செம்புத் தகடு, சுத்தி அடுப்புக்கரியும் கல்லுப்பும். மேல இருக்கிற எல்லா மெஷினோட பாடியும், கீழ் வீட்டுத் தண்ணி மோட்டாரும் இதுலதான் சேருது. எங்கயாச்சும் லீக் ஆச்சுன்னா கரண்டு உங்க மேல வராம இது வழியா மண்ணுக்குப் போவும். ஃபியூஸும் போய்டும், தப்பு எங்கன்னு தெரிஞ்சுடும்."

செஞ்சியில் எங்கே தோண்டினாலும் பாறை. அந்த வீட்டில் கடப்பாரை இறங்கிய ஒரே இடம் வடகிழக்கு மூலைதான் என்றார் மேடம். வீட்டுக்கார அம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மகனிடம் போனில் கேட்டுத் தோண்டியது. பங்குனி வெயிலில் மண் காய்ந்துவிடும் என்பதால் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரில் உப்புக் கரைத்து ஊற்ற வேண்டும். அது எங்கள் முறை வேலையாயிற்று.

பிறகுதான் மற்றவை. போர்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும், மெமரியின் பொன்னிறப் பல்லில் விரல் படக்கூடாது. நம் உடம்பில் சேர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும் என்பதால் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் கிளிப்பைக் கேபினெட்டில் மாட்ட வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை மட்டும் எர்த்துக்காக விட்டுவைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. எதையும் முதலில் புறங்கையால் தொடு.

"உள்ளங்கையால தொட்டா ஷாக்குல கை மடங்கிப் புடிச்சிக்கும். அப்புறம் நீ விடணும்னு நெனச்சாலும் அது வுடாது" என்றார் மேடம். அந்த 'அது' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நைனாவும் கரண்டை அப்படித்தான் சொல்வார்.

என் பக்கத்து மேசைக்காரன் மேல்சித்தாமூர்ப் பையன். வாய் சும்மா இருக்காது. ஒருநாள் காலை நாங்கள் இருவரும் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னலில் வீட்டுக்கார அம்மாவின் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"இன்னாப்பா அது, தெனமும் எங்கூட்டு ஈசானி மூலையில ஊத்திக்கினு இருக்கீங்க?"

"உப்புத் தண்ணிம்மா."

"உள்ள இன்னா வச்சிருக்கீங்க?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "செப்புத் தகடு, உப்பு, கரி. மேல இருக்கிறத இங்க கட்டி வச்சிருக்கோம்மா. தண்ணி ஊத்தலைன்னா எழுந்து வந்துடும்."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் கதவை மெல்லச் சாத்தினார். அன்று மாலை படி இறங்கும்போது கீழே மிளகாய் சுட்ட நெடி தொண்டையைப் பிடித்தது. அதற்குப் பிறகு சில நாட்கள் மருமகளைக் கொல்லைப் பக்கமே காணோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. திங்களன்று குடத்தோடு நாங்கள் இறங்கியபோது வீட்டுக்கார அம்மா வழியில் நின்றார். முகம் தெளிந்திருந்தது.

"வெய்யில்ல நீங்க இன்னாத்துக்குக் கஷ்டப்படறீங்க. இனிமே நானே ஊத்திடறேன்."

அவருக்குப் பின்னால் குழியின் மூடி எப்போதும்போல் இருந்தது. மேலே குங்குமம், பக்கத்தில் அறுத்த எலுமிச்சை. ஏதோ பூசை என்று நினைத்தோம். மேடமும் அவருக்கு நன்றி சொன்னார். அதோடு கொல்லைப்புறம் போகும் வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

மறுநாள் மேடம் வேலையாக விழுப்புரம் போயிருந்தார். நாங்களே பழைய மெஷின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

"இன்னாடா இது, கேபினெட்டு கிள்ளுது" என்றான் மேல்சித்தாமூர்ப் பையன்.

நானும் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய சுணை, எறும்பு ஊர்வதுபோல. எங்களில் யாருக்கும் அது புதிதில்லை. எங்கள் வீடுகளில் கிரைண்டர் கிள்ளும், டிவி கிள்ளும். செருப்பைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். நாங்களும் கழற்றி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம். மேடமிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்றே எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் மேடம் வந்திருந்தார். காலையிலேயே காற்று நின்றுபோய் மலைப்பாறைகளிலிருந்து சூடு இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். கீழே துணி துவைக்கும் சத்தம். மருமகள் மறுபடியும் கொல்லைக்கு வரத் தொடங்கியிருந்தாள்.

என் மெஷினின் சுவிட்ச் அணைந்திருந்தது, பிளக் மாட்டியிருந்தது. பட்டையை மணிக்கட்டில் கட்டினேன். பக்கத்து மேசையில் மேல்சித்தாமூர்ப் பையன் தான் பூட்டிய பவர் சப்ளையைப் போட்டுப் பார்க்கச் சுவிட்சைத் தட்டினான். கிளிப்பை மாட்டுவதற்கு முன் நான் பழக்கப்படிப் புறங்கையால் கேபினெட்டைத் தொட்டேன்.

கை தோள்வரை உதறி ஸ்டூலில் மோதியது. பல் கடித்துக்கொண்டது. அணைத்து வைத்திருந்த மெஷின் அது.

மேடம் என்னைப் பார்த்தார். கரண்டு பார்க்கும் டெஸ்டரை எடுத்து என் கேபினெட்டில் வைத்தார். அதன் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த மெஷினில் வைத்தார், எரிந்தது. ஓடாத மெஷின், மூடி திறந்து கிடந்த மெஷின், எல்லாவற்றிலும் எரிந்தது. அவன் பவர் சப்ளை மூடிக்கு அடியில் ஒயரை நசுக்கிப் பூட்டியிருக்கிறான், அது எர்த் கம்பி வழியாக அறை முழுவதற்கும் பரவிவிட்டது, ஃபியூஸ் மட்டும் போகவில்லை.

"எர்த் இல்ல" என்றார் மேடம். 

சுவரில் எர்த் கம்பி வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் ஜன்னல். நான் எட்டிப் பார்த்தேன். கம்பி சுவரோரமாக இறங்கியது. குழிக்குள் போகவில்லை. ஆள் உயரத்தில் வளைந்து, கொல்லையைக் கடந்து, முருங்கை மரக்கிளையில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நல்ல தடித்த கம்பியை யாரோ வீணாக்க மனமில்லாமல் துணிக்கொடியாக்கியிருந்தார்கள். அதன் ஒரு கோடியில் காய்ந்த துணிகள் தொங்கின. மறு கோடியில் மருமகள் வெறுங்காலோடு துவைத்த தண்ணீரில் நின்று, பிழிந்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையைக் கம்பியை நோக்கி உயர்த்தியிருந்தாள்.

"அக்கா, தொடாதீங்க. கைய எறக்குங்க. கம்பியத் தொடாதீங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கை உயர்ந்தபடியே இருந்தது. என் பின்னால் மேடம் ஓடும் சத்தம், நாற்காலி விழும் சத்தம். எனக்கு வேறு சொல் வரவில்லை, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மெயின் சுவிட்ச் விழுந்து ஃபேன்கள் ஓயும்வரை அவள் கை இறங்கவில்லை. ஒருவழியாக வயிற்றின்மேல் வந்து படிந்தது.

கீழே போனபோது அவள் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"முந்தாநாள்லேர்ந்தே துணி போட்டா சுரீர்னு இழுத்துது" என்றாள். "அத்தைகிட்ட சொன்னேன்."

"சொன்னா" என்றார் வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று. "எடுத்த எடம், நாலு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு எடுக்க வந்தவரு சொன்னாரு."

ஞாயிறன்று செய்வினை எடுக்கும் ஆளை வைத்துத் தோண்டித் தகட்டை எடுத்து ஏரியில் போட்டுவிட்டிருந்தார். மேடம் நெடுநேரம் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கார அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"செப்புத் தகடு, உப்பு, கரி. இதெல்லாம் இன்னாத்துக்குப் பொதைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க புள்ளதான் சொன்னான், தண்ணி ஊத்தலைன்னா எழுந்து வந்துடும்னு. எடுத்தோம், வந்துடுச்சு. நீங்களே பாத்தீங்க இல்ல?"

மேல்சித்தாமூர்ப் பையன் தலை குனிந்து நின்றான். "வெளாட்டுக்குச் சொன்னம்மா."

"ரெண்டு தபா வயித்துல இருந்தத வாரிக் குடுத்த வூடுப்பா இது. வெளாட வேற எடம் இல்லியா உனக்கு?"

அன்றே மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மேடம் கம்பியை மாடிச் சுவரோடு வெட்டிவிட்டார். வேறு குழி தோண்டித் தருகிறோம், எங்களுக்காக இல்லை, உங்கள் மோட்டாருக்காக என்று கடைசிவரை கேட்டுப் பார்த்தார். இந்த வீட்டு மண்ணில் இனிமேல் கடப்பாரை படாது என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா.

காலி செய்த அன்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நான் படி இறங்கும்போது மருமகள் கீழ்ப்படியில் காத்திருந்தாள். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தம்பி, மோட்டாருக்கு இப்ப அந்த எர்த்து இல்லல்ல?"

"இல்லக்கா."

"நான்தான் தெனம் அதப் போடறேன். ஈரக் கையோட." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அந்த லைட்டு எரியுற ஸ்குரூ டிரைவர் ஒண்ணு குடேன்."

என் டெஸ்டரைக் கொடுத்தேன். பின்னால் இருக்கும் உலோகக் குமிழில் விரல் படவேண்டும், முனையை மட்டும் மோட்டாரின் உடம்பில் வைக்க வேண்டும், எரிந்தால் சுவிட்சையும் மெயினையும் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். சுவிட்சைக் குச்சியால் தட்டச் சொன்னேன், நைனா செய்வதுபோல. படித்துவிட்டு வந்து நான் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

இப்போது அந்தத் தெருவில் ஒரு கடைக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறேன். கடையின் பின்பக்கத்திலிருந்து அந்தக் கொல்லை தெரியும். குழந்தை நல்லபடியாகப் பிறந்து இடுப்பில் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மூடியின் மேல் இப்போதும் குங்குமம். மாடியில் புதிதாகத் தையல் மெஷின்கள் வந்திருக்கின்றன, பவர் மெஷின்கள். ஏறிப்போய் எர்த் இல்லை என்று சொன்னேன். வீட்டுக்கார அம்மாவைக் கேட்கிறோம் என்றார்கள்.

போன வாரம் போயிருந்தபோது மருமகள் குழந்தையைக் கொல்லை வாசற்படியில் மாமியாரிடம் விட்டுவிட்டு மோட்டாருக்கு வந்தாள். குச்சியால் சுவிட்சைத் தட்டினாள். குனிந்து டெஸ்டரை வைத்து, வெளிச்சம் படாமல் இன்னொரு கையால் மறைத்துப் பார்த்தாள். குழந்தை இறங்கத் திமிறியது. வீட்டுக்கார அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"லைட்டு எரியுதாடி?"

"இன்னைக்கு எரியல அத்த."

அதற்குப் பிறகுதான் அவர் குழந்தையைக் கீழே விட்டார்.