கொளுக்கி பூட்டாத ஆறு

படத்துக்குச் சட்டம் போடுகிறவனுக்கு உயிரோடு இருப்பவர்களால் பெரிய பிழைப்பு இல்லை. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மில்லிக்கன் பிளாசா ஒன்றில் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. வாடிக்கையாளரின் வாயில் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும் சகபாவிகளே, உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

எண்பதாம் பிறந்தநாள்

பிறம்ரனில் இருந்து ஒருவர் தகப்பனின் படத்தைக் கொண்டுவந்து பெரிதாகச் சட்டம் போடச் சொன்னார். எங்கள் ஆட்கள் பெரிதாகக் கேட்டால் அது செத்தவீட்டுப் படம்தான். வழக்கம்போல மேல் மூலைகள் இரண்டிலும் மாலை போடப் பித்தளைக் கொளுக்கி பூட்டிவிட்டேன். எடுக்க வந்த அன்று தகப்பனும் காரிலிருந்து இறங்கினார். படம் அவருடைய எண்பதாம் பிறந்தநாளுக்காம். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. கிழவர் கொளுக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழட்டாதையும் தம்பி, பிறகும் உம்மட்டைத்தானே வரவேணும்."

அன்ரியின் மகன்

பரமேஸ்வரி அன்ரி பக்கத்து வீதியில் இருப்பவர். வன்னியில் சண்டை முடிந்த கையோடு, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்ற பேச்சை நம்பி, மகனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் ஆமியிடம் ஒப்படைத்தவர். பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அவனுடைய படத்தின் சட்டம் உடைந்துவிட்டதென்று மாற்றக் கொண்டுவந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே கையைக் காட்டி மறித்தார்: "கொளுக்கி கிளுக்கி பூட்டிப்போடாதையும். நானே கையிலை பிடிச்சுக் குடுத்தனான். குடுத்தவளிட்டைத் திருப்பித் தரட்டும்."

நல்ல கட்டு

அதே கிழமை லிடியா என்றொரு பெண் வந்தார். உக்ரேனில் ஒரு சிறிய நகரத்து நூதனசாலையில் ஓவியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். கையில் ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதி. ஓர் ஆறு, நாணல், கரையில் இழுத்துவிட்ட படகு, மழை வரப்போகிற வானம். ஆள் அரவம் இல்லை. மூல ஓவியத்தின் அளவுக்கே அச்சடித்திருந்தார். சட்டமும் அதே அகலத்தில் வேண்டுமாம்.

சண்டை கிட்ட வந்தபோது, குண்டுக்குத் தப்பட்டும் என்று ஓவியங்களை இறக்கி, ஒவ்வொன்றாகச் சுற்றி, பெட்டியில் வைத்து, இலக்கம் எழுதிக் கட்டியவர் இவர்தான். நகரத்தைப் பிடித்த இராணுவம் லொறிகளோடு வந்தது. அவர்களுக்குத் தூக்கி ஏற்றுகிற வேலை மட்டும்தான் மிச்சமாக இருந்தது. நான் சட்ட மாதிரிகளை எடுத்து வைத்தேன். அவர் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "நல்ல கட்டு. போகிற வழியில் ஒன்றுமே உடைந்திருக்காது."

இரண்டு கொளுக்கி

கைப்பழக்கம் பொல்லாதது. ஆற்றுக்கும் கொளுக்கி பூட்டிவிட்டேன். லிடியா எடுக்க வந்தபோது அன்ரியும் மகனின் படத்துக்காக வந்து நின்றார். "இது எதற்கு?" என்று லிடியா கேட்டார். செத்தவர்களுக்கு மாலை போட என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. போனை எடுத்து ஒரு செய்தி வீடியோவைக் காட்டினார். எதிரி பக்கத்து நூதனசாலை ஒன்றின் சுவர். அதில் அதே ஆறு, புதிய பெயர்ச் சீட்டோடு. "இது சாகவில்லை" என்றார்.

என்ன கதை என்று அன்ரி கேட்டார். பெட்டி கட்டியது, லொறி வந்தது, இப்போது எதிரியின் சுவரில் தொங்குவது எல்லாம் தமிழில் சொன்னேன். அன்ரி என் மேசையில் கிடந்த ஸ்குறூ டிரைவரை எடுத்து, இரண்டு கொளுக்கியையும் தானே கழற்றி வைத்தார். லிடியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. அன்ரி மட்டும் அழவில்லை. மகனின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "எந்தச் சுவரிலை தொங்குதெண்டாவது அவவுக்குத் தெரியுது, தம்பி. உதை அவவுக்குச் சொல்லிப்போடாதையும்."

அன்றிலிருந்து யார் என்ன படத்தைக் கொண்டுவந்தாலும், சகபாவிகளே, விலை சொல்வதற்கு முன்னம் நான் கேட்பது ஒன்றைத்தான்: கொளுக்கி இப்பவோ, பொறுப்பமோ?