போன் சொன்ன முறை

இன்டர்நெட்டால் மனுஷ மூளை மழுங்குகிறதா இல்லையா என்று டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவர்கள் பேசி முடித்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. அந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் முறை கேட்போம். எந்த ஊர், யார் வீடு, பெண் எடுத்தது எங்கே, கொடுத்தது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், அவர் நமக்கு மாமாவா சித்தப்பாவா என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்சு. என் கணவர் இதில் மன்னன். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரை மச்சான் ஆக்கி, அவர் செலவிலேயே பால்கோவாவும் வாங்கித் தின்றுவிடுவார். "நம்ம தெரு நாய்க்கும் ஒரு முறை கண்டுபிடிச்சிருங்க" என்று கேலி செய்வேன். "செத்த நேரம் குடு, கண்டுபிடிச்சிருதேன்" என்பார்.

பிடி கிடைக்காவிட்டால் மனுஷன் விடமாட்டார். சோற்றில் கையை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். குழம்பு ஆறிப்போகும், நான் திட்டுவேன், காதில் விழாது. திடீரென்று தொடையைத் தட்டி, "கெடச்சிட்டு!" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகவே திட்டிக்கொண்டே குழம்பை மறுபடியும் சூடு பண்ணிக் கொண்டுவருவேன்.

அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய அண்ணன் மகள் ஒரு வேலை செய்தாள். காலேஜில் பாடம் நடத்துகிறவள், தங்கமான பெண். "சித்தப்பாவோட இதெல்லாம் போயிரக் கூடாது சித்தி" என்று சொல்லி, வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கி, குடும்பம் மொத்தத்தையும் ஒரு ஆப்பில் ஏற்றினாள். இரண்டு பேருடைய படத்தைத் தொட்டால் போதும், இவர் அவருக்கு என்ன வேண்டும் என்று அது சொல்லிவிடும். அடேயப்பா என்று எல்லாரும் வாயைப் பிளந்தோம். கொஞ்ச காலத்திலேயே கல்யாண வீடுகளில் 'யார் வீடு' என்று கேட்கிற குரலே இல்லாமல் போயிற்று. எல்லாரும் குனிந்து போனைத்தான் பார்த்தார்கள். என் சொந்தச் சித்தி பேரனுக்கு முறை தெரிந்துகொள்ள நானே போனைத் திறந்தேன். வெட்கக்கேடு.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குக் கூமாப்பட்டியிலிருந்து வரன் வந்தது. பையன் ராணுவத்தில் இருந்தான். தகப்பனார் இல்லை. என் மாமியார் வீட்டுக்கும் அவர்களுக்கும் பழைய சொந்தம் உண்டு என்று எல்லாரும் சொன்னார்களே தவிர, எப்படிச் சொந்தம் என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பையனுக்கும் பெண்ணுக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவன் பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரிலிருந்து வீடியோவில் பேசுவான். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிறவள், போன் அடித்தால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். அடுப்படியில் நின்று அவள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சந்தோஷத்தையும் இதே போன்தான் கொண்டுவந்தது, பொய் சொல்லக் கூடாது.

அவன் லீவில் வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நிச்சயம் வைத்தோம். ஜன்னல் வழியே கோபுரம் தெரிந்தது. தட்டெல்லாம் வந்து இறங்கிவிட்டது. என் மகள் தலை நிறையப் பூவோடு உள் அறையில் உட்கார்ந்திருந்தாள். என் கணவரின் அண்ணன் மகள் ஆசை ஆசையாகப் பையன் வீட்டாரையும் அந்த ஆப்பில் சேர்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சித்தி, இதுல தப்பா வருதே."

பையனுடைய அப்பத்தாவும் என் மாமியாரும் கூடப் பிறந்த அக்கா தங்கை என்று காட்டியது. கேட்டுப் பார்க்க அவர்கள் இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. அப்படியென்றால் பையனின் அப்பாவும் என் கணவரும் அண்ணன் தம்பி முறை. பையனும் என் மகளும் அண்ணன் தங்கை. கட்டிக்கொள்ள முடியாது.

போன் கைமாறிக் கைமாறி மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தது. என் கணவரின் அண்ணன் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டே, "சின்ன வயசுல நான் பையனோட அப்பத்தாவ அத்தைன்னு கூப்பிட்ட ஞாபகம்லா இருக்கு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அத்தை என்றால் கணக்கே மாறிவிடும். அத்தை மகன் மச்சான். மச்சான் மகனுக்குப் பெண் கொடுக்கலாம்.

"அத்தான், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

அவரும் கண்ணை மூடினார். தம்பி மாதிரியே உதடு அசைந்தது. அதற்குள் பையனின் தாய்மாமன், "அதான் போன்ல தெளிவா போட்டிருக்கே. எம்புட்டு வருசத்துக்கு முந்துன ஞாபகத்த நம்பி அண்ணன் தங்கச்சியக் கட்டிவைக்க முடியுமா?" என்று சலித்துக்கொண்டார். பெரியவர் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார்.

"அப்ப நாந்தான் மறந்திருப்பேன்" என்றார்.

நானும் விடாமல் மனதுக்குள் கோத்துப் பார்த்தேன். மாமியாரைப் பெற்றவள் யார், அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யார் என்று இரண்டு படி ஏறுவதற்குள் எல்லாம் சிக்கிக்கொண்டது. எவ்வளவு காலமாயிற்று, அந்தப் பக்கம் புத்தியைச் செலுத்தி! கடைசியில் நானும் போனைத்தான் பார்த்தேன். அது சொன்னதையேதான் மறுபடியும் சொன்னது.

அண்ணன் தங்கை என்று சபையில் ஒரு சொல் விழுந்த பிறகு யார் என்ன செய்ய? பையன் உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தட்டுகள் வந்த வேனிலேயே திரும்பிப் போயின. என் மகள் தலையிலிருந்த பூவை யாரையும் தொடவிடாமல் தானே எடுத்தாள். மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பேன். அவள் அழவில்லை. அதன்பிறகு போன் அடித்தால் அவள் முகம் கழுவப் போவதும் இல்லை.

அடுத்த லீவில் அவனுக்குக் கல்யாணம் முடிந்தது. யாரோ ஸ்டேட்டஸில் படம் வைத்திருந்தார்கள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

சில மாதம் கழித்துச் சேத்தூரில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வயசுக்காரி ஒருத்தி, "நீங்க யாரு வீடு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க எனக்கு அக்கா முறைல்லா! கூமாப்பட்டியில ஒங்களுக்குச் சம்பந்தம் பேசி நின்னுபோச்சே, அந்தப் பையனுக்கு நான் சொந்த அத்தை. அண்ணன் பொண்டாட்டிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அதான் என்னைய நிச்சயத்துக்குக் கூப்பிடல. ஆமா, ஏன் நின்னுச்சு?"

"ஒங்க அம்மையும் எங்க மாமியாரும் அக்கா தங்கச்சின்னு…"

"யாரு சொன்னா?"

"போன்ல வந்துச்சு" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"அட பாவிகளா! எங்கம்மையைப் பெத்தவ பிரசவத்துலயே போயிட்டா. பொறவு அவளைத் தூக்கிட்டுப் போயி வளத்தது அவளோட அத்தை. அந்த அத்தை பெத்த மகதான் ஒங்க மாமியா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளந்தவங்க, அம்புட்டுதான். ஒங்க மாமியாளுக்கு எங்கம்மை மதினி. ஒங்க வீட்டுக்காரருக்கு அத்தை."

ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குமேல் நான் அழுதது செத்தவருக்காக இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நெருங்கின சொந்தம் போல என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ராஜபாளையத்துக்குத் திரும்பியதும் நேரே பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அத்தைன்னுதான் கூப்பிட்டேன். அந்த வீட்டு முத்தத்துல நின்னு அத்தை அத்தைன்னு கத்துனது இப்பவும் காதுல கேக்கு. எம்புத்திய நானே நம்பாமப் போனேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மகளுக்குப் போன் பண்ணினோம். குரூப்பில் யார் அதைத் தப்பாகச் சொன்னார்கள் என்று அவளுக்கும் ஞாபகம் இல்லை. "இப்பவே மாத்திருதேன் சித்தி" என்று தேம்பினாள். மாற்றிவிட்டாள். ஒரு நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவள் என்னைப் பார்க்காமல் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தாள். அவன் படத்தைத் தொட்டாள். பக்கத்தில் அவன் பொண்டாட்டியின் படமும் இருந்தது. பிறகு தன் படத்தைத் தொட்டாள்.

"இப்ப சரியாத்தான் காட்டுதும்மா" என்றாள். "நான் அவருக்கு முறைப்பொண்ணாம்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.