சோலாரைக் கழட்டவா, சரி பண்ணவா?

வெயிலுக்குப் பேர்போன விருதுநகர் பக்கத்தில் வெந்நீர் போடும் எந்திரத்தை ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். மார்கழி பிறந்ததும் போன் அடிப்பார்கள். மாடியில் சாய்வாகக் கண்ணாடிக் குழாய்கள், தலைமாட்டில் ஒரு தொட்டி, அங்கிருந்து வீட்டிலுள்ள எல்லாக் குளியலறைக்கும் ஒரே லைன். இதுதான் சோலார் ஹீட்டர். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் சில வருஷத்தில் குழாயை அடைத்துவிடும், தொட்டியை அரித்துவிடும். அப்புறம் வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான். இதைச் சரி பண்ணலாமா, கழட்டி எறிந்துவிடலாமா? நீங்கள் மோட்டார், ஃப்ரிட்ஜ், ஏசி என்று எதை ரிப்பேர் பார்க்கிறவராக இருந்தாலும் இந்தக் கேள்வி உங்களையும் படுத்தியிருக்கும். என்ன பதில் சொன்னாலும் அந்த வீட்டில் பாதிப் பேருக்கு நாம் எதிரி.

கம்பெனி உத்தரவு

முதலில் ஒரு ஹீட்டர் கம்பெனியின் சர்வீஸ் ஆளாகத்தான் சிவகாசியில் இருந்தேன். மேனேஜர் மதுரையிலிருந்து வருவார். நல்ல மனுஷன், பார்த்ததும் சாப்பிட்டாயா என்று விசாரிப்பார். ஒருநாள் எங்களை உட்காரவைத்து, இனிமேல் பழைய செட் எதைப் பார்த்தாலும் தேறாது என்றுதான் சொல்ல வேண்டும், சரி பண்ண முடிந்தாலும் அதைச் சொல்லக் கூடாது என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கோ அன்று காலையில் பார்த்த வீடு கண்ணுக்குள் நின்றது. ஒரு ரப்பர் வாஷரை மாற்றியதும் அங்கே வெந்நீர் கொட்டியது. வீட்டுக்காரம்மா சந்தோஷத்தில் காபி கொடுத்திருந்தார்.

தேறுகிறதைத் தேறாது என்று சொல்ல என்னால் ஆகாது, அந்த மாதிரி வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. வீட்டில் என் ஒருவன் சம்பளம்தான். மேனேஜர் கோபப்படவில்லை. என் தோளில் கிடந்த கம்பெனிப் பையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படின்னா நீங்க தனியாத்தான் தொழில் பண்ணணும். இங்க முடியாது."

நாரணாபுரத்து மாடி

தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிதில் நாரணாபுரத்திலிருந்து முத்துலட்சுமி என்கிற அம்மா கூப்பிட்டார். பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்பை மருந்துக் கூழில் முக்கும் வேலை. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு. ஒரு முதலாளி வீட்டில் கழட்டிப் போட்ட செட்டை வாங்கி மாடியில் வைத்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரருக்கு அது ஆகவில்லை. தொட்டி பாரத்தில் மாடி விரிசல் விடுகிறது, ஒன்று அதைக் கழட்டு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். நான் வந்தது கழட்டத்தான் என்று நினைத்து அவரும் மாடிக்கு ஏறி வந்தார்.

விரிசல் இருந்தது. ஆனால் தொட்டிக்கு எதிர்மூலையில், மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில். ஸ்டாண்டில் ஒரு கால் துருப்பிடித்திருந்தது. அதை மாற்றிச் செட்டைச் சுவரோரமாக நகர்த்தினால் போதும் என்றேன். கழட்ட வந்தவன் கழட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, உனக்கு எதற்கு இந்த நியாயமெல்லாம் என்று சொந்தக்காரர் என்மேல் எகிறினார். முத்துலட்சுமி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளி பூசினமாதிரி அலுமினியப் பவுடர். கை இரண்டையும் சொந்தக்காரர் முன்னால் நீட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. இன்றுவரை அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்; அன்று அவர் சொன்னது இதுதான்: "இது பச்சத் தண்ணியில போகாதுண்ணே. இந்தக் கையோட பிள்ளைகளுக்குச் சோறு பிசைய மாட்டேன். தொட்டியும் இங்கனதான் இருக்கும், நாங்களும் இங்கனதான் இருப்போம்."

ராக்கெட் குச்சி

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு முதலாளி வீடு. தீபாவளிக்கு மறுநாள் போனேன். எங்கிருந்தோ வந்த ராக்கெட் இடித்து மாடியில் குழாய்கள் உடைந்து கிடந்தன. வருஷா வருஷம் இதே கூத்தாக இருக்கிறது, இந்தத் தடவை கழட்டியே ஆகவேண்டும் என்று அவர் மனைவி பிடிவாதமாக நின்றார். நானும் அந்த அம்மா பக்கம்தான். துணி காயப்போடுகிற இடம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

முதலாளி எங்கள் பேச்சையே காதில் வாங்கவில்லை. மூலையில் கிடந்த ராக்கெட் குச்சியைத் தேடி எடுத்து, கருகாமல் மிஞ்சியிருந்த லேபிள் தாளைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. உடைந்ததை மாற்றி, மேலே கம்பிவலையும் அடித்துவிட்டுப் போகச் சொன்னார். பிறகு குச்சியை மனைவியிடம் நீட்டினார்: "நம்ம ராக்கெட்டுதான். எவனோ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விட்டிருக்கான், எம்புட்டுத் தூரம் வந்திருக்கு பாத்தியா."

மூத்தவர் சம்சாரம்

விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீடு. மூன்று அண்ணன் தம்பிகள், கூட்டுக் குடும்பம். வெந்நீர் லைன் சுவருக்குள்ளேயே ஒழுகி, கீழறைச் சுவர் ஊறிப்போயிருந்தது. சரி பண்ணவேண்டுமென்றால் புதிதாக ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு வெந்நீர் எதற்கு, செட்டையே கழட்டிவிடலாம் என்று மூவரும் ஒரே குரலில் முடிவு பண்ணிவிட்டார்கள்.

நான் ஸ்பேனரை எடுத்தபோது மூத்தவரின் மனைவி ஜமீலா வந்து நிறுத்தச் சொன்னார். மாமியாருக்கு மூட்டு வாதம். விடியற்காலைத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய அவருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. தினமும் அடுப்பில் காய்ச்சித் தூக்கிக்கொண்டு போகப்போவது மூன்று பேரில் யார் என்று கேட்டார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். டைல்ஸை விட்டுவிட்டுச் சுவருக்கு வெளியே புது லைன் ஓட்டலாம், பார்க்கத்தான் அசிங்கமாக இருக்கும் என்றேன். வீட்டு முகப்பே கெட்டுப்போகுமே என்று மூத்தவர் இழுத்தார். ஜமீலா அவரிடம் சொன்னார்: "முகப்பைத் தெருவுல போறவுக பாத்துட்டுப் போகட்டும், மச்சான். வீட்டுக்குள்ள இருக்கிறவுகளுக்கு வெந்நி வேணும்."

அச்சங்குளத்துப் போர்மேன்

கணேசன் அண்ணாச்சி அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். அங்கே நடந்த வெடிவிபத்தில் பிழைத்து வந்தவர். கழுத்திலிருந்து மார்பு வரைக்கும் தழும்பு. என்னைக் கூப்பிட்டது கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகள். தொட்டி ஒழுகுகிறது, அதைக் கழட்டிவிட்டு கேஸ் கீசர் வைத்துக் கொடுங்கள் என்றாள். ஏறிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க அரித்துப்போய், கையை வைத்தால் உதிர்ந்தது. இந்தத் தொட்டி முடிந்துபோயிற்று, கழட்டத்தான் வேண்டும் என்று சொன்னேன். அண்ணாச்சி எழுந்துபோய் மாடிக் கதவைச் சாத்தி, நாற்காலியை அதன்மேல் ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் சம்சாரம் என்னைத் தனியே கூப்பிட்டு விவரம் சொன்னார். விபத்துக்குப் பிறகு அவருக்குத் தீயைக் கண்டாலே உடம்பு ஆடிவிடுமாம். அதனால் வீட்டில் சமையலே கரண்ட் அடுப்பில்தான். கேஸ் கீசர் டப்பென்று பற்றும் சத்தத்தைக் கேட்டுவிட்டால் அவர் குளியலறைப் பக்கமே போகமாட்டார். கரண்ட் கீசர் என்றால் எங்கள் உப்புத் தண்ணீரில் காயில் சீக்கிரம் போய்விடும். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சாத்தூரில் இடிக்கப் போகிற ஒரு வீட்டில் நல்ல தொட்டி இருப்பது தெரிந்து, கேட்டு வாங்கி வந்து, புதுக் குழாய் போட்டு மாட்டினேன்.

மகள் போனில் என்னைச் சத்தம் போட்டாள். பழசையே ஒட்டவைத்து ஏமாற்றுகிறேனாம். அண்ணாச்சி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். குழாயைத் திறந்து, விழுகிற வெந்நீரில் விரலை வைத்தபடியே பேசினார்: "தீ எங்கிட்ட எடுத்துக்கிட்டது போதும், தாயி. ஒரு வாளி வெந்நிக்காக அதுகிட்டப் போயி நிக்க மாட்டேன்."

ஆக, சோலார் தேறுமா தேறாதா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் ஏணியில் ஏறி இறங்குவதற்குள் அங்கே குளிக்கிறவர்களே அதைத் தீர்மானித்துவிடுகிறார்கள்.