விழுந்தால் கை தட்டக் கூடாது

பஸ் வரும்வரை துஷ்யந்தி சும்மா நிற்பதில்லை. மனோர் பார்க் தரிப்பிடத்தில் பள்ளிப் பையைக் கழற்றித் தகப்பனிடம் நீட்டுவாள். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நடைபாதையிலிருந்து ஒரு துள்ளலில் எழும்பி, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் வந்து நிற்பாள். காலை வேலைக்குப் போகிற வெள்ளைக்காரப் பெண்கள் முதலில் பயந்து விலகினார்கள். இப்போது அவளுக்கென்று ஒரு வட்டம் விட்டு நிற்கிறார்கள். நிலம் ஈரமாக இருந்தால் மட்டும் தகப்பன் கணேசலிங்கம் வாய் திறப்பார்.

"வழுக்கும், பிள்ளை."

"வழுக்கத்தானே அப்பா பழகிறன்."

வயது பதினான்கு. வகுப்பில் ஆகக் குட்டையான பெண். முழங்காலில் எப்போதும் ஒரு கன்றல் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும். தாய் தவநாயகி எண்ணெய்ப் போத்தலோடு வந்து குனிந்தால், "அது போன கிழமையான் அம்மா, புதுசு இடுப்பிலை" என்பாள். அழுது யாரும் கண்டதில்லை. புகழ்ச்சியை மட்டும் அவளுக்குத் தாங்கத் தெரியாது. "நல்லாச் செய்தாய்" என்று யாராவது சொன்னால், "எது?" என்று கேட்பாள். சொன்னவர் விழிப்பார். அவள் நின்று பதிலுக்குக் காத்திருப்பாள். எதை என்று சொல்லத் தெரியாதவருடைய பாராட்டு அவள் கணக்கில் பாராட்டே அல்ல. யோசித்தால், அதில் பிழை காண்பதும் கடினம்.

சறுக்குக் காலணி கட்டிப் பழகும் ஐஸ் அரங்கில் அவளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். மற்றப் பெண்கள் எல்லாரும் இடப்பக்கமாகச் சுழல்கிறார்கள். இவள் ஒருத்தி வலப்பக்கம். ஏழு வயதில் முதன்முதல் ஐஸில் இறங்கிய அன்று, பயிற்சியாளர் மிஸ் ஹார்ட்லி, "உனக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் சுற்று" என்றார். பிள்ளை தயங்கி நின்றது. தடுப்புக்கு இப்பால் நின்ற கணேசலிங்கம் தமிழில் குரல் கொடுத்தார்: "வலப்பக்கம் சுத்து பிள்ளை, கோயிலிலை சுத்திறமாதிரி. இடப்பக்கம் சுத்திறது செத்த வீட்டிலைதான்."

அது அப்படியே உடம்பில் ஊறிவிட்டது. மிஸ் ஹார்ட்லி தன் கையையும் காலையும் மாற்றிக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டு வந்துதான் இவளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆர்ச்வே முருகன் கோயிலிலோ நிலைமை வேறு. மற்றவர்கள் சந்நிதியில் கும்பிட்டபடி தங்களைத் தாங்களே மெல்லச் சுற்றுவார்கள். இவள் சுற்றி முடிக்கும்போது சட்டை குடைபோல விரிந்துவிடும். "சாமிக்கு முன்னாலை பம்பரம் விடாதை" என்று தவநாயகி பல்லைக் கடிப்பாள்.

கணேசலிங்கம் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். வேலை முடிந்த கையோடு மகளை அரங்குக்குக் கூட்டிப் போவார். கூட வேலை செய்யும் செபமாலைமுத்து அவரைச் சும்மா விடுவதில்லை. "அண்ணை, ஊரிலை ஐஸ் எண்டால் ஐஸ்பழம். நக்கினால் கரைஞ்சுபோம். உங்கடை பெட்டை அதுக்கு மேலை நிண்டு ஆடுறாள்." கணேசலிங்கம் சிரிக்கமாட்டார். "ஆடுறேல்லை. பாயிறாள்" என்று திருத்துவார்.

ஆனால் அந்தப் பாய்ச்சலைப் போட்டியில் பார்க்க இரண்டு வருடமாக அவருக்கு அனுமதி இருக்கவில்லை. முதல் போட்டியில் நடந்ததுதான் காரணம். துஷ்யந்தி தாவி, தவறி, ஒரு கை மேலே தூக்கியபடி ஐஸில் நெடுகச் சறுக்கிக்கொண்டு போனாள். அரங்கம் மூச்சடக்கியது. கணேசலிங்கம் எழுந்து நின்று பலமாகக் கை தட்டினார். அந்தப் பெரிய மண்டபத்தில் அவருடைய இரண்டு கைகள் மட்டுமே கேட்டன. முன்வரிசைத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள்.

வீடு திரும்பும் ரயிலில் அவள் சொன்னாள்.

"அப்பா, நான் விழுந்தனான்."

"நான் நினைச்சன் உதுதான் முடிவெண்டு. பரதநாட்டியத்திலை கடைசியாக் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறேல்லையே, அப்பிடி."

"இனிமேல் உள்ளுக்கு வராதேங்கோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் அவர் வெளியே தேநீர்க் கடையில் இருந்தார். சுவருக்கு அப்பால் மகளுடைய இசை தொடங்குவதும் முடிவதும் கேட்கும். இடையில் என்ன நடந்தது என்பதை அவள் வரும் நடையில் பார்த்துக்கொள்வார்.

இந்த விளையாட்டில் ஒருவரும் இருந்த இடத்தில் இருக்க முடியாது. ஒவ்வொரு பனிக்காலமும் யாரோ ஒரு பெண் காற்றில் அரைச் சுற்றுக் கூட்டிவிடுகிறாள். மறு வருடம் மற்றவர்களும் அதைச் செய்தாகவேண்டும். போன வருடம் இரண்டு சுற்றே போதுமாயிருந்தது. இந்த வருடம், தொண்ணூற்றிரண்டில், இவளுடைய வயதுக்காரிகள் பலர் இரண்டரைக்கு வந்துவிட்டார்கள். துஷ்யந்தி மூன்று சுற்றை எடுத்துக்கொண்டாள். பயிற்சியில் நின்றதைவிட விழுந்ததே அதிகம். காற்றில் எழுந்த பிறகு யோசிக்க நேரமில்லை; துணிவு என்று ஒன்று இருந்தால் அது கால் ஐஸை விடுவதற்கு முன்பே இருந்தாகவேண்டும். அது அவளிடம் இருந்தது. கால்தான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

மாசி மாதப் போட்டிக்கு முதல் நாள் பிட்டைக் குழைத்தபடி தகப்பனிடம் சொன்னாள். "நாளைக்கு ட்ரிபிள் செய்யப் போறன். உள்ளுக்கு வாங்கோ. ஆனால் விழுந்தால் கை தட்டக் கூடாது."

"இப்ப எனக்கு விளங்கும், பிள்ளை."

"விளங்காட்டித் தட்டாதேங்கோ."

மறுநாள் துணைக்குச் செபமாலைமுத்துவையும் அழைத்துக்கொண்டு கணேசலிங்கம் படிவரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டார். கீழே மிஸ் ஹார்ட்லி கடைசி வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வருவது இரண்டரைச் சுற்று. அதில் விழுந்தால் அடுத்து வரும் மூன்றை இரண்டாகக் குறைத்துவிடவேண்டும். ஒருமுறை விழுவதை நடுவர்கள் பொறுப்பார்கள், இரண்டு முறை விழுந்தால் பொறுக்கமாட்டார்கள். துஷ்யந்தி, "ஓகே மிஸ்" என்றாள். அதே "ஓகே"யைத் தாய்க்கும் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் நடப்பவள் அவள் என்பது தகப்பனுக்குத் தெரியும்.

ஐஸில் இறங்குமுன் குனிந்து விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலால் மிதிக்கப் போகிற எதனிடமும் அவள் அப்படித்தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள். இசை தொடங்கியது.

இரண்டரைச் சுற்றில் விழுந்தாள். இடுப்பு அடிபட்ட சத்தம் மேல்வரிசைவரை கேட்டது. கணேசலிங்கத்தின் தோள்கள் ஒருமுறை எழுந்து தாழ்ந்தன. கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய ஐஸ் தூளைத் தட்டக்கூட இல்லை. அரங்கின் முழு நீளமும் வேகம் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பினாள். தடுப்போரம் நின்ற மிஸ் ஹார்ட்லி இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். இரண்டு, இரண்டு. விழுந்து எழும்பியவள் இரண்டோடு நிற்பதற்கு அந்த வேகம் தேவையில்லை.

எழும்பினாள். வலம், வலம், வலம். இறங்கிய கால் நடுங்கி வளைந்தது. மற்றக் கால் ஐஸைத் தொடப் பார்த்தது, தொடவில்லை. கைகள் விரிந்தன. அவள் நின்றாள்.

அரங்கம் கை கொட்டித் தீர்த்தது. நடுவர்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சியாளர்கூட எழுந்துவிட்டார். செபமாலைமுத்து கைதட்டிக்கொண்டே முழங்கையால் இடித்தார்.

"அண்ணை, தட்டுங்கோவன். எல்லாரும் தட்டுகினம்."

"பொறு."

"நிண்டிட்டாள் அண்ணை. என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

"நானும் கண்டனான். பிள்ளை சொல்லட்டும்."

கண்ணில் நீர் நிறைந்து முன்னால் இருந்த ஐஸ் மங்கியது. அதைத் துடைப்பதற்குக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

இசை நின்றது. வழக்கப்படி முதல் வணக்கம் நடுவர்களுக்கு. துஷ்யந்தி அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மூச்சு வாங்க, படிவரிசைகளில் ஒவ்வொன்றாகத் தேடினாள். கைகளின்மேல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதரைக் கண்டுபிடித்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, அவருக்குத் தெரியும்படி, ஒரு தரம் தட்டிக் காட்டினாள்.