மேல்கூண்டு இல்லாத டாங்கி

அன்று தேவகோட்டைப் பள்ளி அரங்கில் அம்மா இருந்தார், வகுப்பாசிரியர் இருந்தார். தண்ணீர் லாரி ஓட்டும் அப்பா மட்டும் இன்னும் வரவில்லை. இன்று காலை எங்கள் தெருவில் ஒரு தண்ணீர் லாரி, தன் குழாயைத் தொட்டிப் பக்கம் கொண்டுவர முழு வண்டியையும் திருப்பத் திணறியபோது, அந்த டீசல் வாடையில் நான் மறுபடி எட்டாம் வகுப்பில் நின்றேன்.

வினாடி வினாவின் கடைசிக் கேள்வி. நானும் இன்னொரு பையனும் சமமாக இருந்தோம். வெல்பவருக்குச் சிவகங்கையில் விடுதியோடு இலவசப் படிப்பு.

“இரண்டு உலகப் போர்களிலும் சேராமல் நடுநிலை காத்த நாடு சுவீடன். அது தன் காவலுக்குச் செய்த ஒரு டாங்கியில் சுழலும் மேல்கூண்டே கிடையாது. பீரங்கியை எப்படிப் பக்கவாட்டில் திருப்புவார்கள்?”

எனக்குத் தெரியும். நூலகத்தில் பார்த்து அதை நோட்டில் வரைந்தே வைத்திருந்தேன். ஆனால் அந்தப் படத்தை எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பத்து விநாடி போயிற்று. “டாங்கியில எப்படித் திருப்புவாங்க?” என்று நடுவர் மறுபடி கேட்டார்.

அப்போதுதான் வாசலில் வந்து நின்ற அப்பா, தண்ணீர் டாங்கியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கத்தினார்: “டாங்கி எங்குட்டுய்யா தனியாத் திரும்பும்? வண்டியத்தான் திருப்பணும்!”

அரங்கம் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. “விடை சரிதாங்க” என்றார். வெளியே ஹாரன் அலறியது. வழியை மறித்து நின்ற லாரியை எடுக்க அப்பா பூரிப்போடு ஓடினார். பிறகுதான் நடுவர், போட்டியாளரின் வீட்டார் விடை சொல்லக்கூடாது என்ற விதியைப் படித்து, என் மதிப்பெண்ணில் பத்தைக் கழித்தார்.

சிவகங்கைப் படிப்பு போனதை அம்மா சாயங்காலம் அப்பாவிடம் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை. அப்பா என் தோளைத் தொட்டுக் கேட்டார்: “நாஞ் சொன்னதுக்கு எம்புட்டு மார்க்குய்யா போட்டாக?”

“பத்துப்பா.”