அப்பாவின் தைவதம்

என் அப்பாவுக்குப் பாட வராது. மகள் என்ற உரிமையில் இதைச் சொல்லவில்லை, காது உள்ளவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கந்தோரில், எழுதுவினைஞர் வேலையில், அவருக்கு நல்ல பெயர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று வெள்ளைக்காரத் துரையே சொன்னாராம். ஆனால் பாட்டென்று வாயைத் திறந்தால் சுருதி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலையில் சவரம் செய்யும்போது பாடினார். அந்தப் பாட்டால் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். கேட்டுக் கோபிக்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு இருந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன். அந்தக் கெடுபிடிக்குள்ளும் அப்பாவும் அம்மாவும் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வந்தார்கள். கதை சுத்த மோசம் என்றாள் அம்மா. அப்படிச் சொல்லிவிட்டு, அதே படத்துக்கு இன்னும் இரண்டு தடவை போனாள். நந்தவனத்தில் ராஜகுமாரனும் ராஜகுமாரியும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டுக்காகத்தான் அந்த அலைச்சல். கடைசியில் அப்பா அந்தப் பாட்டின் இசைத்தட்டையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா கலியாணத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் சங்கீதம் படித்தவள். ஊசி தட்டில் பட்டு இரண்டு சுற்றுச் சுற்றவில்லை, “மோகனம்” என்றாள். அவள் அந்தப் பாட்டைக் கேட்ட விதமே தனி. சொற்களை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நிலவு, மலர், மான்விழி எல்லாம் எந்தக் காதல் பாட்டிலும் கிடைப்பவைதானே! அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் இடம். ராஜகுமாரன் காந்தாரம், பஞ்சமம், தைவதம் என்று ஏறி வந்து தைவதத்தில் அப்படியே நின்றுவிடுவான். அடுத்த சுரம், மேல் ஷட்ஜம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தொடமாட்டான். அந்த ஷட்ஜத்தில்தான் ராஜகுமாரி தொடங்குவாள். அந்த இடம் வரும்போது அம்மா கையிலிருக்கும் சுளகைக் கீழே வைத்துவிடுவாள்.

“ஆள் படலையடியில வந்து நிக்குது. திறந்துவிட ஒராள் வேணுமெல்லே,” என்பாள்.

காலையில் பின் விறாந்தைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்தபடி, ராஜகுமாரனின் அந்த அடியை அப்பா இழுப்பார். அவருடைய தைவதம் பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில் எங்கேயோ தள்ளாடும். “இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம்,” என்று, மாமரத்தில் ஏறியவனுக்குச் சொல்வதுபோல அம்மா குசினிக்குள்ளிருந்து சொல்வாள். பிறகு ஷட்ஜத்தைப் பிடித்துத் தன் அடியைப் பாடுவாள். அவ்வளவுதான். அவர் ஓர் அடி, அவள் ஓர் அடி. பிறகு அப்பா ரயிலுக்கு ஓடுவார். எல்லா வீடுகளிலும் இப்படித்தான் விடிகிறதென்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது அம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மூன்று கிழமை கிடந்தாள். அதை எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது. விட்டுவிடுகிறேன்.

செத்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை, என்னைப் பார்ப்பதற்காக எங்களோடு நின்றுவிட்டாள். அவளுக்கு இருபது வயது. ஆண்டுத் திவசம் வரை நிற்பதாகத்தான் பேச்சு. அதற்குப் பிறகு அவள் ஆசிரியர் கலாசாலைக்குப் படிக்கப் போவாள், என்னை ஊரில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சேர்ப்பார்கள். விடுதியில் புழு விழுந்த கஞ்சி கொடுப்பார்களென்று யாரோ புண்ணியவான் எனக்குச் சொல்லி வைத்திருந்ததால், திவசம் வரவே கூடாதென்று பிள்ளையாரைக் கும்பிட்டு வந்தேன்.

கலாசாலையில் இடம் கிடைத்துவிட்டதென்று கடிதம் வந்த அன்று சின்னம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். “இஞ்ச பாரடி, என்ர பேரை மெசினில அடிச்சிருக்கு!” என்று காட்டினாள். கடிதத்தைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கம் புடைத்திருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். என்னையும் தடவச் சொன்னாள். எனக்கு அந்தக் கடிதத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. வேண்டாவெறுப்பாகத் தடவினேன்.

இதற்கிடையில், அம்மா போய் ஏழெட்டு மாதமிருக்கும், ஒருநாள் காலை அப்பா பாடிவிட்டார். தெரிந்து பாடியிருக்கமாட்டார். முகத்தில் சோப்பு நுரை, கையில் கத்தி, வாய் தன்பாட்டில் போயிருக்கிறது. காந்தாரம், பஞ்சமம், அந்தக் கோணல் தைவதம். அங்கே வந்து நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குசினியில் சட்டிச் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் சொட்டியது. பிறகு அவர் கத்தியைக் கழுவிவிட்டு அடுத்த கன்னத்தைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. பாடுவார், நிற்பார், கத்தியைக் கழுவுவார். அந்த நிற்றலை என்னால் தாங்க முடியவில்லை. தும்மல் மூக்குவரை வந்து நின்றுவிட்டால் எப்படியிருக்கும், அப்படி நாள் முழுக்க இருக்கும் எனக்கு. நானே பாடிப் பார்த்தேன். என் குரல் அந்த உயரத்துக்குப் போகவில்லை, கீச்சென்று உடைந்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சின்னம்மா பாடினால் சரிவரும் என்று எனக்குத் தோன்றியது. அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். குரலும் அச்சொட்டாக அதே குரல். ஆனால் அவள் வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடுவதோடு சரி.

“அது அக்காவின்ர பாட்டு. நான் அதுக்க வாய் வைக்கமாட்டன்,” என்றாள்.

சரி, கேட்கவாவது கேள் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு பிற்பகல், அப்பா கந்தோரில் இருந்த நேரம், இரண்டு பேரும் கிராமபோனின் மூடுதுணியை எடுத்துத் தட்டைப் போட்டோம். சின்னம்மா முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிப் பாட்டில் நிலத்தில் உட்கார்ந்தாள். முடிந்ததும், “திருப்பிப் போடு,” என்றாள். ஐந்து தரம் போட்டிருப்போம். ஐந்தாம் தரம் அந்த இடம் வரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கவனிச்சனியே? அவன் கேட்ட உடன அவ பாடேல்லை. ஒரு மூச்சு எடுக்கிறா. எடுத்து, சட்ஜத்தில நேர விழாமல், மேல ரிஷபத்தைத் தொட்டுப்போட்டுத்தான் இறங்கி வாறா. அக்கா டக்கெண்டு பாடிப்போடுவா. இவ யோசிச்சுத்தான் மறுமொழி சொல்லுறா.”

அடுத்த தரம் அந்த மூச்சு எனக்கும் கேட்டது. இவ்வளவு நாளும் கேட்ட பாட்டில் இது எங்கே இருந்தது என்று வியந்துபோனேன். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் அந்த அடியைப் பாடிப் பார்த்தாள். அம்மாவேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். இரண்டு பேரும் அழுது முடித்துத் தேத்தண்ணீர் குடித்தோம்.

திவசத்துக்குப் பெரிய மாமா வந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் கை பாரமான கை. படையலுக்கு முன் ஒரு வடையை எடுத்துக் கடித்ததற்காக என் காதைப் பிடித்துத் திருகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர் போனபிறகு, சின்னம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். நான் காதைத் தடவிக்கொண்டு கதவோரம் இருந்தேன்.

“தங்கச்சி, நான் வளைச்சுக் கதைக்கேல்லை. நீ மச்சானைக் கட்டினால் என்ன? ஊரில நடக்காததே? பிள்ளைக்கும் தாய் கிடைக்கும்.”

“அண்ணை, நான் படிக்கப் போறன். அத்தானை அப்பிடி நான் நினைச்சதும் இல்லை. வெள்ளிக்கிழமை ரயிலேறுறன்.”

“சரி. மனமில்லாத பிள்ளையைப் பிடிச்சுக் கட்டிவைக்க நான் என்ன காட்டு மனுசனே?” என்று மாமா எழுந்து போனார். மூக்கறுபட்டாலும் வீம்பு விடாத மனிதர் அவர், ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

இதெல்லாம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறியதோ ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை சின்னம்மா போகிறாள். அப்பா இனிமேல் ஆயுள் முழுக்க அந்தத் தைவதத்தில் நிற்கப் போகிறார்.

அடுத்த நாள் காலை நான் குசினிக்குள் போய் அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டேன். “ஒருக்கா, ஒரேயொருக்கா பாடுங்கோ சின்னம்மா. பிறகு நான் ஒண்டும் கேட்கமாட்டன். விடுதிக்கும் அழாமல் போவன்.” விறாந்தையில் அப்பா தொடங்கிவிட்டார். காந்தாரம். பஞ்சமம். சின்னம்மா என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அப்பா தைவதத்தில் வந்து நின்றார். அவள் ஒரு மூச்சு எடுத்தாள். ரிஷபத்தைத் தொட்டு ஷட்ஜத்துக்கு இறங்கினாள். அந்த ஓர் அடியை முழுதாகப் பாடி முடித்தாள்.

நான் விறாந்தைக்கு ஓடினேன். அப்பாவின் தாடையில் கத்தி வெட்டி, வெள்ளை நுரையில் இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. படியில் உட்கார்ந்து, நுரை முகத்தோடு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாரென்று நினைத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமா என்னைக் கூப்பிட்டார்.

“பாடினது ஆர்? சின்னம்மாவே?”

“ஓம்.”

“தானாப் பாடினவளோ, நீ கேட்டுப் பாடினவளோ?”

என் காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திவசம் முடிந்த மறுநாளே வீட்டில் சினிமாப் பாட்டு! அதற்கு யார் காரணமென்று பிடித்து அடிக்கப் போகிறாரென்று நினைத்தேன்.

“தானாத்தான் பாடினவ,” என்றேன்.

மாமாவின் முகம் அப்படியே மலர்ந்தது. “பாத்தியே! மச்சான்ர பாட்டுக்கு மறுமொழி பாடுறாள். வாயால சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள் பிள்ளை,” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். “தங்கச்சி! இவள் சொல்லுறது மெய்யே? நீயாத்தான் பாடினியோ?”

சின்னம்மா நடுக்கதவில் நின்றாள். நான் சொன்னதைக் கேட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை மெல்ல ஆட்டினேன், காட்டிக்கொடுத்துவிடாதே என்று. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஓம் அண்ணை,” என்றாள்.

மாமா அப்பாவிடம் போனார். “அவளுக்கு விருப்பமெண்டால் சரி, மச்சான்,” என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. அவளிடம் அவர் ஒரு சொல் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ரயில் அவளில்லாமல் போயிற்று. கலாசாலைக்கு வரவில்லையென்று அவளே ஒரு கடிதம் எழுதி ஒட்டித் தந்தாள். காலிக்குப் போகும் பெரிய வீதியில் இருந்த தபால் பெட்டியில் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். எம்பாமலே என் கை எட்டியது என்று ஓடிவந்து அவளிடம் சொன்னேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் அவள் என்னைப் பார்த்துக்கொண்டாள். என் பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். கடைசிக் காலத்தில் ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டேன், அன்றைக்கு ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்று. “உன்ர காது சிவந்து கிடந்தது,” என்றாள். நான் பாவி. ஒரு காதுத் திருகலுக்குப் பயந்து ஒருத்தியின் ஆயுளை எடுத்துக்கொண்டவள் நான். இதை வேறெப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

ஆனால் ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்த மாதமே கலியாண எழுத்து நடந்தது. பதிவுகாரர் வந்தார், புத்தகத்தைத் திறந்தார், இருவரும் ஒப்பம் வைத்தார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். மாமா பின்னேர ரயிலுக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா பட்டு வேட்டியோடு ஒரு கதிரையில், சின்னம்மா கூறைச் சேலையோடு இன்னொரு கதிரையில். அப்பா நிலத்தைப் பார்த்தார், சின்னம்மா வாசலைப் பார்த்தாள். பாவம், வெட்கமாக்கும் என்று, நான் கிராமபோனை இழுத்து வந்து அந்தத் தட்டைப் போட்டேன்.

ராஜகுமாரன் ஏறி வந்து தைவதத்தில் நின்றான். அப்பா எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், கடற்கரைப் பக்கம் நடந்தார். சின்னம்மா கூறைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எச்சில் பாத்திரங்களைச் சேர்த்தெடுத்துப் பின்னுக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தட்டில் ராஜகுமாரி அழகாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள். இவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. பெட்டியைக் கதிரையில் தூக்கி வைத்தேன். குசினிப் பக்கம் பார்க்கத் திருப்பினேன். சாவியை இறுகும்வரை முறுக்கினேன். புது ஊசி ஒன்று போட்டு, முதலிலிருந்து மறுபடியும் வைத்தேன்.