ஏலியாம்மா டீச்சர் இல்லாமலும் நடக்கும்

எங்கள் குன்னத்துக்கரைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர் ஏலியாம்மா டீச்சர். வீடு மலைக்கு அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறி வருவார். வீட்டுப் பக்கமே மாற்றல் கேட்கலாமே என்று யாராவது சொன்னால், "அங்க எனக்கு யாரு பலாக்காய்த் தோரன் தருவா?" என்று என்னைக் கைகாட்டுவார். தோரன் என்கிற அந்தத் தேங்காய்ப் பொரியல், அங்கேயே பாடம் எடுத்த நான் கொண்டுபோவது. அவருடையது மீன் குழம்பு. மதியம் ஆசிரியர் அறையின் நீள மேஜையில் எல்லா டப்பாவும் திறந்து கிடக்கும். யாரும் தன் டப்பாவில் மட்டும் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

பள்ளியும் அந்த மேஜையில்தான் நடந்தது.

"சதாசிவன் மாஷே, நாளைக்கு மருமகள ஆஸ்பத்திரில சேக்கணும். என் வகுப்பப் பாத்துக்கோங்க" என்பார் ஒரு டீச்சர், பக்கத்து வகுப்பு வாத்தியாரிடம்.

"பாத்துக்கலாம். மீன் தலை எனக்கு."

எங்களில் மூத்தவரான ஏலியாம்மா டீச்சர் மென்றுகொண்டே தலையாட்டினால் உத்தரவு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

புதிய தலைமையாசிரியராக திவாகரன் ஸார் வந்தார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். மதியத்தில் பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்த்தார். ஆசிரியர்கள் சேர்ந்து சிரிப்பதையும் பார்த்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார். இனி அவரவர் வகுப்பிலேயே சாப்பிட வேண்டும் என்றார். மேஜை கம்ப்யூட்டர் அறைக்குப் போனது.

யாரும் எதிர்க்கவில்லை. சொன்னதைச் செய்தோம், சொல்லாததைச் செய்யவில்லை. ஒருவர் லீவு போட்டால் அந்த வகுப்பு சந்தைக்கடை. கலைவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்க ஆள் கேட்டபோது எல்லாரும் சுவரைப் பார்த்தோம். எனக்கும் வேலைக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று.

ஏலியாம்மா டீச்சர் மீன் குழம்பை நிறுத்தினார். பிறகு மாற்றல் மனுவை நீட்டினார். ஸார் உட்கார்ந்த இடத்திலேயே, "இவர் இல்லாமலும் பள்ளி தடையின்றி நடக்கும்" என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார், பாவம்.

மழைக்காலக் காய்ச்சலில் பாதிப் பேர் வராத ஒரு நாள், ஸார் வகுப்புக்கு வகுப்பு ஓடித் தொண்டை கட்டி வராந்தாவில் நின்றார்.

"முன்னெல்லாம் இத எப்படிச் சமாளிச்சீங்க?"

"சாப்பிட்டோம் ஸார்" என்றார் சதாசிவன் மாஷ்.

ஸாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேஜையின் ஒரு முனையை அவரே தூக்கி வந்தார். அந்த வாரமே டீச்சரின் மாற்றல் உத்தரவும் வந்தது. ரத்து செய்யச் சொல்லி ஸாரே கல்வி அலுவலகத்துக்கு ஓடினார்.

"இல்லாமலும் நடக்கும்னு நீங்கதானே ஸார் எழுதினீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாள் டீச்சர் மீன் குழம்பு கொண்டுவந்தார். ஸார் தன் கஞ்சியோடு மேஜை ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். டீச்சர் மீன் தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"நீங்க எழுதினது சரிதான் ஸார். நடக்கும். நீங்க இங்கயே சாப்பிட்டாப் போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸார் தலை நிமிராமல் சாப்பிட்டார். சதாசிவன் மாஷ் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். இத்தனை வருஷமும் அந்த மீன் தலை அவருடையது.